மூட்டு தளர்ந்தால், முளை முறிந்தால், பெயிண்ட் உரிந்தால்: மாடல் கிட், ஆக்‌ஷன் ஃபிகர் பழுது நீக்கும் வழிமுறை

எந்தப் பழுதானாலும் பசை பாட்டிலைத் திறக்கும் முன் அது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்தாக வேண்டும். லேசான பழுதுகூட, சேராத திரவம் பட்டுவிட்டால் மீட்க முடியாததாகிவிடும்.

கிட் என்றால் பார்ட்கள் கோத்திருக்கும் ரன்னரைப் பாருங்கள். பல கிட்களில் அதன் ஓரத்திலேயே பிளாஸ்டிக்கின் பெயர் சுருக்கமாக அச்சாகியிருக்கும். பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ். என்றால் மூட்டுகளுக்குப் பயன்படும் கெட்டியான வகை, பி.இ. என்றால் மூட்டுக்குள் போகும் மென்மையான பாலிகேப். ரன்னரைத் தூக்கி எறிந்துவிட்டால் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு சிறு துண்டை, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன்; அதில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. மூழ்கினால், மறைவான இடத்தில் ஒரு துளி பிளாஸ்டிக் சிமெண்ட் (பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டும் பசை) வையுங்கள். சில நொடிகளில் மேற்பரப்பு இளகி ஒட்டினால் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். இளகாமல் வழுவழுப்பாகவே இருந்தால் பி.ஓ.எம். எனப்படும் வழுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். நகம் பதியும் அளவுக்கு ரப்பர் போல இருந்தால் பி.வி.சி. ஆக்‌ஷன் ஃபிகர்களின் கை, கால், முகம், தலைமுடி பெரும்பாலும் இதுதான்.

## மூட்டு தளர்ந்து கை நிற்காமல் விழுகிறது

முதலில் ஸ்க்ரூ. முதுகிலோ முழங்கையிலோ ஸ்க்ரூ இருந்தால் கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மேலே படிக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை அதற்கு மேல் முறுக்கினால் மரை வழுக்கி, அது பிடிப்பே இல்லாமல் சுற்றத் தொடங்கிவிடும்.

அடுத்தது விரிசல். இதைப் பார்க்காமல் தாண்டுவதால்தான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முளை நுழையும் குழியின் விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை அளவு கோடு தெரிந்தால் அது தளர்ச்சி இல்லை, குழி பிளந்திருக்கிறது. அந்த நிலையில் முளையைத் தடிமனாக்கினால் பிளவு இன்னும் விரியும். நேராக, கீழே உள்ள "ஏ.பி.எஸ். பார்ட்டில் விரிசல்" பகுதிக்குப் போங்கள்.

விரிசல் இல்லை, மூட்டைக் கழற்ற முடிகிறது என்றால்:

1. முளையையும் குழியையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவே மூட்டை வழுக்கவிடும்.
2. உள்ளே பாலிகேப் இருந்தால் அதைச் சோதியுங்கள். பிளந்திருந்தால் மாற்றுங்கள். பல கிட்களில் ஒன்றிரண்டு பாலிகேப் மீதமாகும். அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.
3. முளையின் மேல் தண்ணீரில் கரையும் கிளியர் அக்ரிலிக் வார்னிஷை ஒரு பூச்சு பூசி, ஒரு மணி நேரமாவது காயவிட்டுப் பொருத்திப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு பூச்சு. பிடிக்காவிட்டால் சுரண்டி எடுத்துவிடலாம் என்பதால் இதை முதலில் செய்வது நல்லது.
4. அதிலும் நிற்காத கனமான கைகால்களுக்கு மட்டும் சூப்பர் க்ளூ. முளையில் மெல்லிய படலமாகத் தடவி, குழியில் செருகாமல், தனியாக வைத்து ஓர் இரவு முழுக்க உலரவிடுங்கள். மறுநாள் இறுக்கமாக இருந்தால் 1000 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துக் குறையுங்கள். தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று செருகினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

க்ளூவைப் பாலிகேப்புக்குள் தடவுவதில் பயனில்லை. அதில் பிடிக்காமல் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். எப்போதும் கெட்டியான முளையின் பக்கம்தான் தடவ வேண்டும்.

மூட்டு கழறாத வகை என்றால், வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து ஊசி முனையால் இடைவெளியில் ஒரு துளி விடுங்கள். காயும்வரை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மூட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பசை வழவழப்பான பிளாஸ்டிக்கை இறுகப் பிடிக்காது. இடைவெளியை நிரப்புவதோடு சரி. இங்கே நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

அசைக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வரும் பல்மூட்டு தளர்ந்திருந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. பூச்சு எதுவும் உதவாது. அதே உருவத்தின் பழைய பிரதியிலிருந்து மூட்டை எடுத்து மாற்றலாம். கிடைக்காவிட்டால் ஸ்டாண்டில் நிறுத்திவையுங்கள். பிரிக்க உடலை அறுத்தாக வேண்டும் என்றால் வேலையைக் கற்றவரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

## மூட்டு அசையவே இல்லை

அந்தத் திசையில் மூட்டு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே அச்சில் மட்டும் மடங்கும் முழங்காலைப் பக்கவாட்டில் திருகி முறிப்பது சர்வசாதாரணம். மறுபக்கக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய ஃபிகரில் பெரும்பாலும் பெயிண்ட்தான் இரண்டு பரப்பையும் சேர்த்து ஒட்டியிருக்கும். பி.வி.சி. என்றால் கொதித்து இறக்கி, கை பொறுக்க முடியாத சூட்டில் இருக்கும் தண்ணீரில், அதாவது சுமார் 60 முதல் 70 டிகிரியில், அந்த மூட்டை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் முக்கியெடுத்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். துணி உடையோ மின்விளக்கோ உள்ள உருவம் என்றால் தண்ணீருக்குப் பதில் ஹேர் டிரையர். முளைக்கு மிக அருகே பிடித்துத் திருப்ப வேண்டும். பாதத்தைப் பிடித்து இடுப்பு மூட்டைத் திருப்பினால் நடுவில் உள்ள முழங்கால்தான் உடையும்.

பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் அந்தச் சூட்டில் இளகாது. அவற்றுக்கு ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு, சற்று நேரம் ஊறவிட்டு அசையுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அதில் உள்ள பெட்ரோலியக் கரைப்பான் அழுத்தத்தில் இருக்கும் ஏ.பி.எஸ்.ஸை வெடிக்கவிடும்.

சூப்பர் க்ளூ கசிந்து ஒட்டிக்கொண்டது என்றால் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தெடுங்கள். குளிரில் க்ளூ நொறுங்கும் தன்மை அடைவதால் சிறு அசைவில் விட்டுவிட வாய்ப்புண்டு. பிளாஸ்டிக்கும் அப்போது நொறுங்கும் நிலையில்தான் இருக்கும் என்பதால் முரட்டுத்தனம் கூடாது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். க்ளூவோடு பார்ட்டையும் கரைத்துவிடும்.

திருப்பும்போது முளையின் அடியில் வெள்ளைக் கோடு தோன்றினால் அந்த நொடியே நிறுத்துங்கள். அது முறியப் போவதன் அறிகுறி.

## முளை முறிந்து, பாதி குழிக்குள் சிக்கிவிட்டது

உடைந்த துண்டுகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் உடனே சூப்பர் க்ளூ வைத்து ஒட்டும் ஆசை வரும். அசையாத பார்ட் என்றால் அது போதும். மூட்டு முளை என்றால் போதாது: நேராக இழுத்தால் தாங்கும் அந்த ஒட்டு, திருகும்போது சட்டென்று விட்டுவிடும். தவிர, கசிந்த க்ளூ அடுத்த வேலைக்கும் இடைஞ்சல்.

துண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. குழி பி.வி.சி. என்றால் வெந்நீரில் காட்டி, சிறு குறடால் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இழுங்கள். வந்துவிடும்.

துண்டு விளிம்போடு விளிம்பாக நிற்கிறது. கையால் சுழற்றும் பின் வைஸ் என்ற சிறு துளைக்கருவியில் 1 மி.மீ. துளைக்கம்பியைப் பொருத்தி, துண்டின் நடுவில் 3 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். அதில் சற்றே பெரிய சிறு ஸ்க்ரூவை இரண்டு மூன்று மரை மட்டும் இறக்கி, ஸ்க்ரூவைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். மின்சார டிரில் வேண்டாம். அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளைக்கம்பியைச் சுற்றிக்கொள்ளும்.

எதற்கும் அசையவில்லை. சிறிய துளையில் தொடங்கி, 0.5 மி.மீ. கூட்டிக் கூட்டி, மீதி மெல்லிய சுவராகும்வரை துளைத்து, ஊசியால் உள்பக்கம் நெம்பி எடுங்கள்.

இனிக் கம்பி வைத்துச் சேர்க்கும் வேலை. 3 மி.மீ. முளைக்கு 0.8 மி.மீ. கம்பி, 4 அல்லது 5 மி.மீ. முளைக்கு 1 மி.மீ. கம்பி, முளை விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளை போடக்கூடாது. பித்தளைக் கம்பி நல்லது. அவசரத்துக்கு நிமிர்த்திய பேப்பர் கிளிப்பும் உதவும். ஒரு முகத்தின் நடுவில் பெயிண்ட் புள்ளி வைத்து மறுமுகத்தோடு அழுத்தினால் எதிர்த்துளை எங்கே வரவேண்டும் என்று தெரிந்துவிடும். இடம் இருந்தால் இருபக்கமும் 5 மி.மீ. ஆழம். கம்பியை அரத்தால் சொரசொரப்பாக்குங்கள். பசையில்லாமல் ஒருமுறை பொருத்தி, வளைவு இல்லை என்று உறுதி செய்த பிறகே, இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலந்து பூசும் எபாக்சி பசை. ஐந்து நிமிட எபாக்சி என்று எழுதியிருப்பது அது இறுகத் தொடங்கும் நேரம். மூட்டை அசைக்க 24 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

முளை நொறுங்கிப்போயிருந்தால் அதே விட்டமுள்ள பிளாஸ்டிக் தண்டை வெட்டிப் புது முளை செய்வது, பழையதை ஒட்டுப்போடுவதைவிட நேரம் மிச்சம். பல கிட்களில் ஆயுதம், ஸ்டாண்ட் பொருத்தும் முளை 3 மி.மீ.தான், அந்த அளவுத் தண்டு கையில் இருப்பது நல்லது.

முறிந்த முளை பி.ஓ.எம். என்றால் எபாக்சியை நம்ப வேண்டாம், மாற்று பார்ட் தேடுங்கள். எஃகு ஊசி குறுக்கே அடித்து மூடிய முழங்கால், மின்கம்பி ஓடும் மூட்டு, விற்பனை மதிப்பு குறையாமல் இருக்க வேண்டிய பழைய உருவம் ஆகிய மூன்றையும் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

## ஏ.பி.எஸ். பார்ட்டில் விரிசல், தொட்டதும் பிளக்கிறது

பார்ட்டின் பள்ளங்கள் எடுப்பாகத் தெரிய மையால் கோடு போட்ட மறுநாள் இது நடந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. எனாமல் தின்னர் கலந்த மையைப் பள்ளக்கோடுகளில் ஓடவிட்டிருப்பீர்கள். இறுக்கமாகச் செருகிய முளையின் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் தின்னர் இறங்கினால் அது பிளக்கும். வெறும் ரன்னர் துண்டில் அதே தின்னரைத் தடவிச் சோதித்தால் ஒன்றும் ஆகாது, அழுத்தம் இல்லாததால்தான். அந்தச் சோதனையை நம்பி ஏமாற வேண்டாம்.

ஒரே ஒரு விரிசல் என்றால், பார்ட்டைக் கழற்றி, முளையை எடுத்துவிட்டு, நீர்போல ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்டை விரிசலில் தொட்டு வையுங்கள். அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மாஸ்கிங் டேப்பால் இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். திரும்பப் பொருத்தும் முன் முளையைச் சற்றுத் தேய்த்து மெலிதாக்க வேண்டும்; பழைய இறுக்கத்தில் செருகினால் அதே கோட்டில் மறுபடி பிளக்கும். பல இடங்களில் பொடிப்பொடியாக விரிந்திருந்தால் மெனக்கெடாதீர்கள். அந்த ரன்னரை மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்த கிட்டில் இது வராமலிருக்க: பார்ட்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, பளபளப்பு வார்னிஷ் அடித்து, அது நன்கு காய்ந்தபின் கோடு போட்டு, தின்னர் முழுக்க ஆவியானபின் சேர்க்க வேண்டும். வார்னிஷ் அடிக்கும் எண்ணம் இல்லையா? தண்ணீரில் கரையும் மையோ பேனாவோ போதும்.

## ஒட்டியது பிரிந்து வருகிறது

ஒட்டும் முகத்தில் பெயிண்டோ குரோம் பூச்சோ இருந்தால் சிமெண்ட் அதைத்தான் கரைக்கும், பிளாஸ்டிக்கைத் தொடாது. கத்தி முனையால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக் தெரியும்படி செய்து ஒட்டுங்கள். பத்துக்கு எட்டு முறை கதை இதோடு முடியும் என்று சொல்லலாம்.

சுரண்டியும் பிரிகிறதென்றால் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் பொருத்தமில்லை. பிளாஸ்டிக் சிமெண்ட் பாலிஸ்டைரீனுக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும். ரெசின், பி.வி.சி., உலோகத்துக்கு சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி. ரெசின் பார்ட்டை அச்சு எண்ணெய் போக முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிதக்கும் வகைப் பிளாஸ்டிக்குக்கும் பி.ஓ.எம்.முக்கும் பசையைவிடக் கம்பியோ ஸ்க்ரூவோதான் கதி.

சூப்பர் க்ளூவோடு பருத்தி கையுறை போடாதீர்கள். பருத்தியில் ஊறினால் அது சுடச்சுடக் கொதித்துத் தோலைப் பொசுக்கிவிடும்.

## கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் பார்ட் வெள்ளையாகப் பூத்துவிட்டது

சூப்பர் க்ளூவின் ஆவி படிந்திருக்கிறது. மேலோட்டமானது என்றால் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தாலே போகலாம். மீதி மங்கலுக்குப் பார்ட்டைக் கிளியர் அக்ரிலிக்கில் முக்கியெடுத்து, அடியில் திரளும் சொட்டைத் தாளால் உறிஞ்சி, தூசி படாமல் மூடிவைத்துக் காயவிடுங்கள். சிமெண்ட் பட்டு விரல்ரேகையே பதிந்துவிட்டது என்றால் 1500, 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, அதன்பின் முக்குங்கள். உள்ளே நட்சத்திரம்போல வெடிப்பு ஓடியிருந்தால் எதனாலும் மறையாது. கண்ணாடி பார்ட்களை வெள்ளைப் பசையால் ஒட்டுவதே வழக்கமாகட்டும்.

## ஃபிகர் பிசுபிசுக்கிறது

பி.வி.சி.யை மென்மையாக்கக் கலந்த எண்ணெய் போன்ற பொருள் மேலே கசிந்து வருகிறது. காற்றுப் புகாத பெட்டியில் சூடான இடத்தில் வைத்திருந்தால் அதிகமாக வரும். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மென்மையான பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான் மருந்து. ஆல்கஹாலும் தின்னரும் பெயிண்டைக் கொண்டுபோய்விடும். கழுவியபின் திறந்த அலமாரியில் வையுங்கள். சில மாதத்தில் மறுபடி வரும், மறுபடி கழுவ வேண்டும்.

இதே கசிவுதான் சில பழைய கார் கிட்களில் டயருக்குள் இருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தை உருக்குகிறது. டயரும் சக்கரமும் ஒட்டிக்கொண்டு வந்தால், சக்கர விளிம்பில் பெயிண்ட் மட்டும் போதாது. மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி இரண்டையும் பிரித்துவையுங்கள்.

## கால் வளைந்து சாய்கிறது, வாள் கோணலாகிவிட்டது

மென்மையான பி.வி.சி. என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம், கையால் நேராக்கல், அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம். வேண்டிய நிலையைச் சற்றுத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடியுங்கள், கொஞ்சம் திரும்பி வரும். எடை தாங்கும் கணுக்கால் என்றால் வெயில் காலத்தில் மறுபடி சாயும். உள்ளே கம்பி செருகுவதோ இடுப்பைத் தாங்கும் ஸ்டாண்டோதான் நிலையான வழி.

## பெயிண்ட் சரியாக நிற்கவில்லை

தகடு தகடாக உரிகிறது. கழுவாமல் அடித்ததோ பிரைமர் இல்லாததோதான் பெரும்பாலும் காரணம். மாஸ்கிங் டேப்பை அழுத்தி இழுத்து, பிடிப்பில்லாத பெயிண்ட் எல்லாம் வந்தபின், மீதி விளிம்பை 800 நம்பரில் தேய்த்துச் சமன்செய்து, கழுவி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். பாலிகேப் வகைப் பிளாஸ்டிக் என்றால் பெயிண்ட் அடிக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

நாள்கணக்கில் ஆகியும் ஒட்டுகிறது. மென்மையான பி.வி.சி. மேல் எனாமலோ, பொதுவான ஸ்ப்ரே கேனோ அடித்திருந்தால் காத்திருப்பதில் பலன் இல்லை. பிளாஸ்டிக்கின் எண்ணெய் பெயிண்டைக் காயவிடாது. பெயிண்டை எடுத்துவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கால் அடியுங்கள். கெட்டியான பிளாஸ்டிக்கில் இப்படி ஆனால் பூச்சு தடிமன். இன்னும் சில நாள் விடுங்கள்.

மூட்டில் மட்டும் தேய்ந்துபோகிறது. இது பெயிண்டின் குற்றமில்லை, இடைவெளிதான் இல்லை. பெயிண்டும் வார்னிஷும் சேர்ந்தால் தடிமன் கூடுகிறது. உரசும் பரப்பை 600 நம்பரில் தேய்த்து ஒரு மயிரிழை குறைத்துவிட்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். வெளியே தெரியாத உட்பரப்பில் பெயிண்டே வேண்டாம். முளைகளுக்கு மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு அடிப்பது அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

ஸ்ப்ரே வார்னிஷ் பால்போல வெளுத்தது. மழைநாளில் அடித்தால் இப்படி ஆகும். ஈரப்பதம் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. காற்று உலர்ந்த நாளில் அதே வார்னிஷை மெல்லிய ஈரப் பூச்சாக மேலே அடித்தால் பல நேரம் தெளிந்துவிடும். மேட் வார்னிஷில் வெளுத்தால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அது தெளிந்தபின் மறுபடி மேட்.

வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு. பெயிண்ட் அடிக்காத கருநிற பார்ட்டில்தான் உறுத்தும். நகத்தால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தாலே பாதி மறையும். போகாவிட்டால் 1000 நம்பர் உப்புத்தாள். இனிமேல் பார்ட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு.

முகத்தின் கண், புருவம் மட்டும் கெட்டிருந்தால் வேலையைக் கை நுணுக்கமுள்ளவரிடம் கொடுங்கள், அல்லது மாற்றுத் தலை வாங்குங்கள். உடம்பில் ஆயிரம் குறை மறையும், கண் கோணலானால் பார்ப்பவர் பார்வை அங்கேயே நிற்கும்.

## டீகாலின் அடியில் வெள்ளி மினுக்கம்

தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படமான டீகாலை, பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டியதால் அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மினுங்கும் இடங்களில் மிக மெல்லிய ஊசியால் குத்தி, டீகால் இளக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். திரவம் பட்டதும் டீகால் சுருங்கிக் கோணலாகும். அந்த நேரத்தில் தொட்டால் கிழியும். தானே படியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். அடுத்த முறை பளபளப்பு வார்னிஷ் மேல் ஒட்டி, கடைசியில் மேட் அடியுங்கள்.

## வெள்ளை பார்ட் மஞ்சளாகிவிட்டது

முதலில் கழுவிப் பாருங்கள். புகையும் தூசியும் படிந்த மஞ்சள் சோப்பிலேயே போகும். கழுவியும் போகாதது பிளாஸ்டிக்கின் மஞ்சள். பெயிண்ட் அடிக்க மனமிருந்தால் வெள்ளை பிரைமர் அடிப்பதுதான் மலிவானதும் நிலைப்பதும்.

அசல் நிறமே வேண்டும் என்றால் 6 முதல் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைப்பார்கள். ஸ்டிக்கர், குரோம், ஸ்க்ரூ, உலோக ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மணிக்கொருமுறை திருப்பி வையுங்கள். பார்ட் திரவத்துக்கு மேலே தலைநீட்டினால் அங்கே திட்டுத்திட்டாக வெளுக்கும், அந்தத் திட்டு பிறகு போகாது. மஞ்சள் நாளடைவில் திரும்பி வரலாம். ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் உள்ள பழைய பார்ட்டை இதில் போடாதீர்கள். பெயிண்ட் வேலைப்பாடு பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும் அரிய உருவம் என்றால் மஞ்சளோடே விடுங்கள், அல்லது பழைய பொம்மைகளை மீட்டெடுப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் காட்டுங்கள்.